சிசேரியனுக்கு அப்புறம் இடது கால்ல ரத்தக்கட்டி, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்

ஃப்ரெண்ட்ஸ், தங்கச்சிக்கு சிசேரியன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் இடது கால் மட்டும் தொடை வரைக்கும் வீங்கிடுச்சு, மெட்டிய கூட கழட்ட முடியல, அம்மா பச்ச உடம்புக்கு அப்படித்தான் இருக்கும்னு ஒத்தடம் குடுத்துட்டு இருந்தாங்க, டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தப் பாக்கற ஸ்கேன்) எடுத்தா இடுப்புலேர்ந்து தொடை வரைக்கும் ரத்தக்கட்டி.

இப்ப ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் ஊசி முடிஞ்சு வார்ஃபரின் மாத்திரை போயிட்டு இருக்கு, ஐஎன்ஆர் (ரத்தம் உறையற வேகத்தப் பாக்கற டெஸ்ட்) 2லேர்ந்து 3க்குள்ள இருக்கணுமாம், பால் குடுக்கலாம்னுட்டாங்க. ஏன் இடது கால் மட்டும்னு கேட்டதுக்கு, வயித்துக்குள்ள வலது காலுக்குப் போற தமனி இடது கால் சிரை மேல குறுக்க போகுது, கர்ப்பத்துல கருப்பையும் சேர்ந்து அமுக்கும்னு டாக்டர் சொன்னார். சிலருக்கு அந்த அமுக்கம் ரொம்ப ஜாஸ்தியாம், மே தர்னர்னு பேரு, அது இருக்கான்னு பாக்கணுமாம்.

எங்க மாமாவுக்கு காலுக்கு மாவுக்கட்டு போட்டிருந்தப்போ கெண்டைக்கால்ல கட்டி வந்துச்சு, லேசான வலிதான், மூணு மாசம் மாத்திரையோட சரி. இவளுக்கு மேல இருக்கறதால நுரையீரலுக்குப் போற ரிஸ்க் அதிகமாம், மூச்சு வாங்கினா நெஞ்சு வலிச்சா உடனே எமர்ஜென்சி வரச் சொல்லிருக்காங்க. விடாத தலைவலி, ஃபிட்ஸ் வந்தாலும்தான், பிரசவத்துக்கப்புறம் மூளை சிரைலயும் கட்டி வரலாமாம் (கேட்டதுலேர்ந்து எனக்கே தூக்கம் இல்ல).

இடுப்பு சிரைல ஸ்டென்ட் (அமுங்கின சிரைய விரிச்சு வைக்கற வலைக்குழாய்) வச்சவங்க இருக்கீங்களா? வீக்கம் முழுசா வத்துச்சா? அடுத்த குழந்தை பெத்துக்கிட்டவங்க கர்ப்பம் முழுக்க ஊசி போட்டீங்களா? கீரை வார்ஃபரின் வேலையக் குறைக்குமாமே, அத எப்படி சமாளிச்சீங்க? நாட்டு மருந்து மட்டும் சொல்லாதீங்க, அதுக்கு சொந்தக்காரங்களே போதும்.