டியூன் மெசையா: முதல் பாகத்தை முடிக்கிறதா, கெடுக்கிறதா?

ஈசூன் மணற்புழு:
ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் அறிவியல் புனைகதை நாவல் ‘டியூன்’ (1965) படித்த சூட்டோடு அதன் இரண்டாம் பாகம் ‘டியூன் மெசையா’வை (1969) கையில் எடுக்கும் பலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பேரரசன் பாலின் பெயரால் நடந்த 12 ஆண்டுப் போர், 6,100 கோடிப் பேர் சாவு, உயிரற்றுப்போன 90 கோள்கள். இவ்வளவும் பால் தன் நண்பன் ஸ்டில்கரிடம் பேசும் ஒரே காட்சியில் கணக்காக வந்து போகிறது. மற்றதெல்லாம் அறைக்குள் பேச்சு. அதைவிடப் பெரிய ஓட்டை: வருங்காலம் தெரிந்த பாலுக்கு எதிராக நான்கு பேர் சதி செய்ய முடிகிறதாம்.

பூன்லே வாசகி:
ஓட்டை இல்லைங்க. முதல் அத்தியாயங்களிலேயே காரணம் இருக்கிறது. வருங்காலம் பார்ப்பவர்களுக்கு ஒருவர் செயல் மற்றவருக்குத் தெளிவாகத் தெரியாது. அதனால்தான் உருமாறும் ஸ்கைட்டேல், பெண்கள் சபை ஒன்றின் மோஹியாம், பாலின் பெயரளவு மனைவி இருலான் மூவரும், வருங்காலம் பார்க்கும் விண்கல மாலுமி எட்ரிக்கைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தொட்டியில் மிதக்கும் அவன் பக்கத்தில் இருந்தால் சதி மறைந்துவிடும். போதாததற்கு, ஊரெல்லாம் டியூன் டாரோ என்ற குறிச்சீட்டு பார்ப்பதால் காலமே கலங்கிக் கிடக்கிறது.

போரைக் காட்டவில்லை என்கிறீர்கள். ஃபாரோக்கை மறந்துவிட்டீர்களா? கடல் என்று ஒன்று உண்டா என்று பார்க்கவே போருக்குப் போன பாலைவனக் கிழவர். அவர் மகனுக்குக் கண் போயிருக்கும். எனக்கு அந்த வீடே போதும்.

ஈசூன் மணற்புழு:
சரி, எட்ரிக் மறைக்கிறான். ஆனால் இருலான் பாலின் காதலி சானிக்குக் கருத்தடை மருந்து கொடுப்பது பாலுக்குத் தெரியுமே! தெரிந்தும் சும்மா இருப்பவனை எப்படி நாயகனாக ஏற்பது?

பூன்லே வாசகி:
பிள்ளை பிறந்தால் சானி செத்துவிடுவாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்த மருந்து அவள் ஆயுளை நீட்டித்தது. அதற்காக இருலானுக்கு உள்ளுக்குள் நன்றி சொல்கிறான் அவன். இந்தத் தொடரிலேயே இதைவிடக் கொடுமையான இடம் எனக்குத் தெரியவில்லை.

புக்கிட் பாத்தோக் பிரியன்:
இடையில் வருகிறேன். கல்லெரிப்பான் என்ற அணு ஆயுதம் வெடித்துக் கண் போன பிறகு பால் எப்படி நடமாடுகிறான் என்று பாருங்கள். ஏற்கெனவே கண்ட காட்சியை அடி பிசகாமல் பின்பற்றினால்தான் அவனுக்குப் ‘பார்வை’. ஒரு சொல் மாற்றிப் பேசினாலும் இருட்டு. சானிக்கு ஒரு மகள் பிறப்பதை மட்டுமே கண்டிருந்தான். இரட்டையர் பிறந்ததும் காட்சி அறுந்துவிடுகிறது. எல்லாம் தெரிந்தவன் என்ற நம்பிக்கையை ஹெர்பர்ட் உடைப்பது அங்கேதான். முதல் பாகத்தைத் தொடராக வெளியிட்ட ‘அனலாக்’ இதழின் ஆசிரியர் கேம்பெல் இதை வேண்டாம் என்றதும் நாயகன் இப்படிச் சரிந்ததால்தான். பிறகு ‘கேலக்ஸி’ இதழில் வந்தது.

ஆனால் மணற்புழுவைப் போல நானும் ஒரு குறை சொல்வேன்: பாலின் தங்கை ஆலியாவுக்கும், செத்த டங்கன் ஐடஹோவின் உடலிலிருந்து உருவாக்கப்பட்ட ஹேட்டுக்கும் இடையிலான காதல் அவசர அவசரமாக எழுதப்பட்டது.

ஈசூன் மணற்புழு:
ஹேட்டைப் பற்றியும் பேசுவோம். சானி இறந்த செய்தி கேட்டதும் பாலைக் கொல்லும்படி சதிகாரர்களின் ஆள் பிஜாஸ் அவனை முன்பே முடுக்கிவைத்திருக்கிறான். கத்தி ஓங்கும்போது பழைய டங்கன் ஐடஹோ நினைவு திரும்பிவிடுகிறது. நல்லவேளை என்று எழுத்தாளரே காப்பாற்றிய மாதிரி இருக்கிறது.

பூன்லே வாசகி:
சதியின் இரண்டாவது முனையே அதுதான். கொன்றால் ஒரு லாபம். கொல்ல முடியாமல் நினைவு திரும்பினால், செத்தவரை நினைவோடு மீட்கலாம் என்பது நிரூபணம். உடனே ஸ்கைட்டேல் சானியைத் திருப்பித் தருவதாகப் பேரம் பேசுகிறான் பாருங்கள். பால் தடுமாறுவது அந்தப் பேரத்தில்தான்.

முதல் பாகத்தில் பாதி அளவுகூட இல்லாத நூல். நூலகத்தின் 21 நாள் இரவலில் இரண்டு தடவை படிக்கலாம். சதிக்கூட்டக் காட்சியில் யார் யாருக்கு எதை மறைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு தொடருங்கள்.

ஈசூன் மணற்புழு:
படிக்கிறேன். ஆனால் குறிப்பெடுத்தால்தான் பிடிபடும் சதியை நாவலின் பலம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.