சனிக்கிழமை ராத்திரிக்கு ஒரு பேய்ப்படம் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டில் தமிழ்தான். மலையாளம் எல்லோருக்கும் புரியும், தெலுங்கு சுத்தமாக வராது. சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து சித்தி வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். மொட்டை மாடியில் புரொஜெக்டர் போட்டுப் பேய்ப்படம். தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில்.

'மணிச்சித்திரத்தாழ்' (1993) வேண்டாம், வசனத்தை அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அதன் தமிழ் ரீமேக் 'சந்திரமுகி' (2005) டிவியிலேயே தேய்ந்துவிட்டது. 2023-ல் வந்த 'சந்திரமுகி 2' பார்த்து எனக்குத் தூக்கம்தான் வந்தது. அதிலிருந்து இரண்டாம் பாகம் என்றாலே ஒரு பயம். 'டிமான்ட்டி காலனி 2' (2024) முதல் பாகம் பார்க்காதவர்களுக்குப் புரியுமா?

என் ஓட்டு 'பிரமயுகம்' (2024) படத்துக்கு. கறுப்பு வெள்ளை, பாழடைந்த மனை, மம்மூட்டியின் அந்தச் சிரிப்பு! பார்த்த ராத்திரி நான் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. ஆனால் சின்னப் பசங்க பத்தே நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார்கள். 'ரோமாஞ்சம்' (2023) போட்டால் எங்கள் கேரம் போர்டில் ஆவியைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, ஜாம்பி காமெடி? 'மிருதன்' (2016) சீரியஸ் ரகம். தெலுங்கு 'ஜாம்பி ரெட்டி' (2021), ராயலசீமைப் பகைக்குள் ஜாம்பிகளை அவிழ்த்துவிட்ட ஐடியாவே பிடித்திருக்கிறது. பார்த்தவர்கள் சொல்லுங்களேன்: பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ரத்தம் அதிகமா? தமிழ் டப்பிங் எங்கே கிடைக்கும்? வேறு படம் இருந்தாலும் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.