செர்மோரெலின் வேலை செய்யவில்லை, எல்சி-எம்எஸ் பார்க்க இடம் தேவை

வணக்கம். காரைக்குடியில் ஓர் ஆய்வகத்தில் வளர்ச்சி ஹார்மோன் சமிக்ஞை பற்றி வேலை பார்க்கிறேன். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் ஜிஎச்ஆர்எச் ஹார்மோனின் முதல் 29 அமினோ அமிலங்களைக் கொண்ட செயற்கைப் பெப்டைடான செர்மோரெலினை, அதன் ஏற்பியை ஏற்றிய ஹெக் 293 என்ற மனிதச் செல்களுக்குக் கொடுத்து, ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் கூடும் சிஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை அளக்கிறோம். பங்குனி வரை நன்றாக ஏறியது. சித்திரை வெயிலில் கரண்ட் அடிக்கடி போய் மைனஸ் 20 ஃப்ரீசர் நின்று நின்று ஓடியது, அதற்கப்புறம் 100 நானோமோலார் கொடுத்தாலும் அசைவே இல்லை. குப்பியில் பஞ்சு போல இருந்த வெள்ளைப் பொடி இப்போது கண்ணாடியோடு பிசின் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது.

சிஏஎம்பி உண்டாக்கும் நொதியை நேரடியாகத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின், செல்லில் இயல்பாகவே உள்ள வேறோர் ஏற்பி வழியாகத் தூண்டும் ஐசோப்ரோட்டரினால் இரண்டுக்கும் சிஏஎம்பி ஏறுகிறது, அதனால் செல்லில் குறை இல்லை. ஏற்பியில் அடையாளத்துக்கு வைத்த ஃபிளாக் டேக் என்ற சிறு துணுக்குக்குச் சாயம் போட்டோம், செல் பரப்பில் பளிச்சென்று தெரிகிறது. சீரத்தில் உள்ள டிபிபி-4 நொதி முதல் இரண்டு அமிலங்களை வெட்டிவிடும் என்பதால் சீரம் இல்லாமலும், குழாயில் ஒட்டாமலிருக்க 0.1% பிஎஸ்ஏ புரதம் சேர்த்தும், சிஏஎம்பி சிதையாமல் தடுக்கும் ஐபிஎம்எக்ஸ் போட்டும் பார்த்தாயிற்று.

27ஆம் இடத்து மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால் எடை 16 டால்டன் கூடும், வெட்டுப்பட்டிருந்தால் குறையும், மூலக்கூறுகளைப் பிரித்து எடை காட்டும் எல்சி-எம்எஸ் போட்டால் தெரிந்துவிடும். எங்களிடம் அந்தக் கருவி இல்லை. பெப்டைடைப் புதிதாக வாங்கினால் விலையும் அதிகம், வந்து சேரவும் நாளாகும், ஒரு தங்கச்சியின் ஆய்வேடே இதை நம்பித்தான் நிற்கிறது.

மதுரை, திருச்சி பக்கம் வெளி ஆய்வகத்தாரின் பெப்டைடு மாதிரியை வாங்கி எல்சி-எம்எஸ் பார்த்துத் தரும் இடம் யாருக்காவது தெரியுமா?