புது போர் தண்ணி கொடைக்கானல் மலையில இருந்துதான் வருதா? ஐசோடோப் டெஸ்ட்ல தெரியுமா?

கொய்யாத்தோப்பு:
வணக்கம்ங்க. ஆயக்குடி பக்கம் நாலு ஏக்கர் கொய்யா. பழைய போர் 400 அடி, ரெண்டு வருசமா மோட்டார் போட்டா காத்துதான் வருது. போன மாசம் மனசக் கல்லாக்கிட்டு 850 அடி இறக்கினோம், 780ல ஒரு விரிசல் கெடச்சு ஒன்றரை இன்ச் தண்ணி. ரிக் வண்டிக்காரர் "இது கொடைக்கானல் ஊத்துங்க, பேரன் காலம் வரை வத்தாது"ன்னு சொல்லிட்டு காச வாங்கிட்டுப் போயிட்டார். எனக்கும் அப்படித்தான் தோணுது, ஏன்னா பழைய போர் தண்ணியில சோப்பு நுரைக்கவே நுரைக்காது, பாத்திரமெல்லாம் வெள்ளையா படியும், இதுல நல்லா நுரைக்குது. மீட்டர்ல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு) பழசு 1800, புதுசு 900. தண்ணி லேசா வெதுவெதுன்னு வருது. பாலைவன நாடுகள்ல ஐசோடோப் வெச்சு தண்ணி எங்க பெஞ்ச மழைன்னே கண்டுபிடிக்கிறாங்களாமே, நமக்கு அது ஆகுமா?

பண்ணைக்காட்டான்:
மலை மேல இருக்கற எங்களுக்கே மார்ச் ஏப்ரல்ல ஊத்து வத்திப் போயி டேங்கர் வாங்குறோம் சாமி, உங்களுக்கு எங்க இருந்து வரும் 😀 வண்டிக்காரர் எல்லாருக்கும் இதே பேரன் கதையத்தான் சொல்வார்.

பாறைக்கிறுக்கன்:
எம்எஸ்சி ஜியாலஜி படிக்கும்போது இதுதான் என் ப்ராஜெக்ட், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஐசோடோப்புன்னா ஒரே தனிமத்துல எடை மட்டும் வேறயா இருக்கற அணு. மேகம் மலை ஏறும்போது கனமான ஆக்சிஜன்-18 இருக்கற தண்ணி மொதல்ல கொட்டிரும், அதனால மேல பெய்யற மழையில அது கம்மி. பொதுவா 100 மீட்டருக்கு ஆயிரத்துல 0.2, 0.3 பங்கு கொறையும். பழனி சுமார் 300 மீட்டர், கொடைக்கானல் 2100, அப்ப ரெண்டுக்கும் 4, 5 பங்கு வித்தியாசம் வரணும், மெஷின்ல பளிச்சுனு தெரியும். ஆனா ஒரு வில்லங்கம், நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழையிலயே தென்மேற்க விட ஆக்சிஜன்-18 கம்மி. ஐப்பசியில கீழ பெஞ்ச மழையப் பாத்து மலைத் தண்ணின்னு ஏமாந்துர வாய்ப்பு இருக்கு. அதனால உங்க போர் தண்ணிய மட்டும் குடுத்தா ஒண்ணும் சொல்ல முடியாது, மேல ஒரு ஊத்து, கீழ ஒரு கிணறு, ரெண்டு எடத்து மழைத் தண்ணி எல்லாம் சேத்துப் பாக்கணும்.

இப்ப சோப்பு விசயம். நுரைக்குதுன்னா மலைத் தண்ணின்னு அர்த்தமில்லீங்க. மழை மண்ணுல எறங்குன புதுசுல கால்சியம் பைகார்பனேட்டா இருக்கும், பாறையோட ரொம்ப நாள் கெடந்தா நுரையக் கெடுக்கற கால்சியம் போயி சோடியம் வந்துரும், அப்பவும் சோப்பு நல்லா நுரைக்கும். நேத்து பெஞ்ச மலை மழைக்கு 900 டிடிஎஸ் வராது. வெதுவெதுப்பு ஆழத்தால. இதெல்லாம் சேத்துப் பாத்தா எனக்கு இது பழைய தண்ணியாத்தான் தெரியுது. கால்சியம் கொறையறப்போ ஃப்ளோரைடு ஏறும், அதனால குடிக்கறதுக்கு முன்னாடி அத டெஸ்ட் பண்ணுங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா வீட்டுப் பிள்ளைங்களுக்கு வேண்டாம்.

பழைய போர்ல உப்பு எதனாலன்னும் இதே மாதிரி பிடிக்கலாம். குளோரைடும் ஆக்சிஜன்-18ம் ரெண்டும் ஏறியிருந்தா வெயில்ல ஆவியான தண்ணி, அதாவது கொளமோ பாசனமோ திரும்ப எறங்குது. குளோரைடு மட்டும் ஏறியிருந்தா மரம் தண்ணிய உறிஞ்சிட்டு உப்ப விட்டிருக்கு, இல்ல வேற எடத்து உப்பு கரைஞ்சிருக்கு. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருந்தா உங்க யூரியாவா இருக்கலாம், இல்ல சாணி, கக்கூஸ் குழியா இருக்கலாம்.

கொய்யாத்தோப்பு:
பழசுன்னா எவ்ளோ பழசுங்க? பழசா இருந்தா என்ன, தண்ணி தண்ணிதான?

பாறைக்கிறுக்கன்:
அங்கதான் விசயமே இருக்கு. எகிப்து லிபியா பாலைவனத்துக்கு அடியில கடல் மாதிரி தண்ணி கெடக்கு, இப்ப அங்க மழையே கெடையாது. அந்தத் தண்ணியோட ஐசோடோப் இப்ப பெய்யற மழையோட ஒத்தே போகல, சஹாரா ஈரமா இருந்த காலத்து மழை அது. தண்ணியில கரைஞ்சிருக்கற கிரிப்டான்-81ங்கற கதிரியக்க வாயுவ வெச்சு 2004ல வயசு பாத்தப்போ சில கிணத்துல பத்து லட்சம் வருசம் வரைக்கும் வந்துச்சு. எடுத்தா எடுத்ததுதான், திரும்ப ஊறாது. உங்களுது அந்த அளவுக்கெல்லாம் இருக்காது, ஆனா கேள்வி அதேதான். ட்ரிட்டியம் பாருங்க, அது மழைத் தண்ணியில வர்ற கதிரியக்க ஹைட்ரஜன், பாதியா கொறைய 12 வருசத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். சுத்தமா இல்லேன்னா 1950களுக்கு முந்தின தண்ணி, உங்க தாத்தா சேத்து வெச்ச பணத்தச் செலவு பண்றீங்க. சொட்டு நீர் போட்டு அளந்து எடுங்க.

மொதல்ல மாவட்ட குடிநீர் வாரிய லேப்ல சாதா டெஸ்ட். ஐசோடோப்புக்கு கோழிக்கோடு சிடபிள்யூஆர்டிஎம்ங்கற நீர்வள ஆராய்ச்சி மையத்துல கேட்டுப் பாருங்க. பாட்டில் பிடிக்கறப்போ மோட்டார நல்லா ஓட விட்டு, மீட்டர் ரீடிங் ஒரே எடத்துல நின்னதும், பாட்டில வாளித் தண்ணிக்குள்ள முக்கி அங்கயே மூடி போடுங்க, கவுத்தா ஒரு காத்துக் குமிழி கூட தெரியக் கூடாது.

பண்ணைக்காட்டான்:
மழைத் தண்ணி நான் பிடிச்சுத் தரேன், எங்க வீட்டு ஓட்டுக்குக் கீழ ஒரு கேன் வெச்சாப் போதுமா?

பாறைக்கிறுக்கன்:
ஓடு வேண்டாம், தெறந்த எடத்துல புனல் வெச்சு பிடிங்க. மாசக் கடைசி வரைக்கும் கேன்ல கெடந்தா ஆவியாகி கணக்கே மாறிரும், மேல எண்ணெய் மிதக்க விடணும்.

பண்ணைக்காட்டான்:
தேங்கா எண்ணெய்?

பாறைக்கிறுக்கன்:
உங்க ஊர் குளிருக்கு அது மெழுகா உறைஞ்சு மழைத் தண்ணி உள்ளயே எறங்காது அண்ணே. மெடிக்கல்ல லிக்விட் பாரஃபின்னு கேளுங்க.