கிளாஸ் ஏ ஆம்ப் (சும்மா இருக்கும்போதும் முழுக் கரண்ட் இழுக்குற ஆம்ப்ளிஃபயர்) கட்டினவங்க வாங்க: மனசை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்க

சால்டர்புகை
ஜான் லின்ஸ்லி ஹூட்ங்கிற இன்ஜினியர் 1969-ல வெளியிட்ட ஆம்ப் டிசைன்தான். 27 வோல்ட், சேனலுக்கு 1.2 ஆம்பியர், 10 வாட்ஸ். மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னை இன்னும் அரிக்கிறது அந்த ஹம். இன்புட்டை ஷார்ட் பண்ணியும் ஸ்பீக்கர்ல "ஊம்"னு ஒரே சத்தம். ஃபில்டர் கெபாசிட்டரைக் கூட்டிப் பார்த்தேன், அசையல. ஸ்பீக்கர் நெகட்டிவ் ஒயர் கிளிப்ல, பிரிட்ஜோட (ஏசியை டிசியா மாத்துற டயோடு கட்டு) நெகட்டிவ் கால்ல கவ்வியிருந்தது. காதைக் கோன்கிட்ட வெச்சபடியே அதைக் கழட்டி, கெபாசிட்டரோட நெகட்டிவ் திருகுல மாட்டினேன். சத்தம் கப்புனு அடங்கிடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல விரல்நீள ஒயர்! சர்க்யூட் படத்துல அது ரெண்டும் ஒரே புள்ளிங்க.

முப்பதுவோல்ட்
படத்துல ஒரே புள்ளி, கரண்ட்டுக்கு இல்ல. கெபாசிட்டர் நிரம்புறது அலையோட உச்சியில மட்டும். அந்த நொடித்துளியில பிரிட்ஜ் ஒயர்ல பாயுறது சராசரியைவிடப் பல மடங்கு. அதைக் கிரவுண்டுன்னு நம்பி ஸ்பீக்கரை மாட்டினா ஹம் வராம என்ன வரும்? ஏபி வகை ஆம்ப் சும்மா இருக்கும்போது கொஞ்சம்தான் இழுக்கும், அதனால தப்பிச்சிடும். இங்க ரெண்டு சேனலும் 2.4 ஆம்பியர் ஓயாம இழுக்குது. 22,000 மைக்ரோஃபாரட் போட்டாலும், 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ரிப்பிள் (டிசியில மிஞ்சுற ஏற்ற இறக்கம்) ஏறக்குறைய 1 வோல்ட்.

என் கதை சின்னது. டம்மி லோட் (ஸ்பீக்கருக்குப் பதிலா ஒரு ரெசிஸ்டர்) போட்டு சைன் அலையை முழு வால்யூம்ல ஓட்டினேன். ஹீட்சிங்க்ல (சூட்டை வெளியே விடுற உலோகத் தகடு) ஒட்டின தெர்மோகப்பிள் காட்டுற சூடு இறங்கிக்கிட்டே வருது! வால்யூமைக் குறைச்சா ஏறுது. சப்ளை சேனலுக்குக் கொடுக்குற 32 வாட்ஸ் மாறல, அதுல 10 லோடுக்குப் போயிடுது. கணக்கு முன்னாடியே தெரியும். கண்ணால பார்த்தப்பதான் நம்பினேன்.

மைக்காவாஷர்
@முப்பதுவோல்ட் இதைப் படிச்சிட்டு யாராவது "பாட்டு ஓடினா ஹீட்சிங்க் ஆறிடும்"னு சின்னதா வாங்கிடப் போறாங்க. பாட்டோட சராசரி 1 வாட் கூட வராதுங்க. முழுச் சூட்டுக்குத்தான் ஹீட்சிங்க் பார்க்கணும். நம்ம வீட்டு ஆம்ப் மேல கை வைக்கவே முடியாது. பூனை மட்டும் அதுமேலதான் படுக்கும்.

டோராய்டு
முதல் பவர் ஆன், பாதுகாப்புக்கு மெயின்ஸ்ல தொடரா மாட்டின சீரிஸ் பல்பு பளிச்னு எரியுது. ராத்திரி பூரா ஷார்ட் தேடினேன். ஷார்ட்டே இல்ல! கிளாஸ் ஏ-க்கு சும்மா இருக்கும்போதே முழுப் பசி. பல்பு எரிஞ்சா கோளாறுன்னு எழுதுறவங்க எல்லாம் ஏபி மட்டும் கட்டினவங்க.

யாரும் கேட்கல, ஆனாலும் சொல்றேன். பயாஸ் பிரீசெட்டை (சும்மா ஓடுற கரண்ட்டை வைக்கிற திருகு) முதல்ல குறைந்த பக்கம் திருப்பி வைங்க. பல்பு ஒருதரம் மின்னி மங்கினா சரி. அப்புறம் பல்பை எடுத்துட்டு, ஸ்பீக்கர் இல்லாம, ஒரு சேனலோட சப்ளை ஒயர்ல 0.1 ஓம் ரெசிஸ்டர் தொடரா போட்டு மெதுவா ஏத்துங்க. குறுக்கே 120 மில்லிவோல்ட் வந்தா 1.2 ஆம்பியர். அதோட மூடி போட்டுடாதீங்க, நல்லா சூடேறினதும் மறுபடி அளங்க, கண்டிப்பா நகர்ந்திருக்கும். டிரான்ஸ்பார்மர், ரெண்டு சேனலும் சேர்ந்த 65 வாட்ஸுக்கு 150 விஏ-க்குக் குறையாம. ஆன் பண்ணும்போது ஃபியூஸ் போகுதுன்னா பெரிய ஃபியூஸ் போடாதீங்க, பிரைமரியில என்டிசி தெர்மிஸ்டர் (முதல்ல கரண்ட்டைத் தடுத்து, சூடானதும் விடுறது) போடுங்க. @சால்டர்புகை, கெபாசிட்டரை ரெண்டு பங்கா பிரிச்சு நடுவுல சின்ன ரெசிஸ்டர் ஒண்ணு. மூணாவதா கெபாசிட்டர் வாங்குறதைவிட அது மேல்.

சால்டர்புகை
@டோராய்டு ஹம்தான் போயிடுச்சேங்க.

மிச்சவோல்ட்
ஆம்ப் மாட்டியிருந்தா கெபாசிட்டர்ல இருக்குறதை அதுவே குடிச்சிடும், அந்தப் பழக்கத்துல இருந்தேன். அன்னிக்கு போர்டைக் கழட்டிட்டு சப்ளையை மட்டும் டெஸ்ட் பண்ணி வெச்சது. மறுநாள் தம்பி திருகை இறுக்கப் போனான். "டப்!" ஸ்க்ரூடிரைவர் முனையில ஒரு பள்ளம். 44,000 மைக்ரோஃபாரட், 30 வோல்ட்: ஏறக்குறைய 20 ஜூல். ஷாக் அடிக்கிற வோல்டேஜ் இல்லதான், மோதிரம் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இப்போ குறுக்கே 2.2 கே, 1 வாட் நிரந்தரமா இருக்கு. அதுக்கும் சில நிமிஷம் ஆகும், மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் அவனைத் தொட விடுறேன்.