வீடியோ பார்த்து அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்

கேள்வி:
பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு 64 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. போன வாரம் ஊருக்குப் போனபோது மாத்திரை அட்டை பிரிக்காமல் வேதாகமத்துக்குள் இருந்தது, ஏசாயா 53-இல், அடையாளம் வைத்த மாதிரி. யூடியூபில் ஒரு கிறிஸ்தவ ஊழியர், "இயேசுவின் தழும்புகளால் குணமாகிறோம் என்று நம்பினால் மாத்திரை எதற்கு?" என்று கேட்டாராம். அம்மாவின் விசுவாசம் புண்படாமல் எப்படிப் பேசுவது?

பதில் 1:
தம்பி, முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், பேச்செல்லாம் அப்புறம். பிறகு அந்தத் தழும்புகள் வசனத்தை (ஏசாயா 53:5) முதலிலிருந்து வாசியுங்கள். "நம்முடைய மீறுதல்களினிமித்தம்" என்றுதான் தொடங்குகிறது. 1 பேதுரு 2:24-உம் பாவத்தைப் பற்றியே பேசுகிறது. மத்தேயு 8:17 இந்த அதிகாரத்தை நோயோடு சேர்த்துச் சொல்வது உண்மைதான். ஆனால் அங்கேயும் மருந்தை விடு என்று இல்லை. கர்த்தர் சுகம் தருவார் என்று நானும் நம்புகிறேன், பிரஷர் மாத்திரையும் போடுகிறேன்.

பதில் 2:
2 தீமோத்தேயு 4:20 காட்டுங்கள். தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து பட்டணத்தில் விட்டு வந்ததாக அப்போஸ்தலர் பவுலே எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவா? கூடவே இருந்த லூக்கா வைத்தியர் (கொலோசெயர் 4:14). பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). யூடியூப் ஊழியரை ஆராயக் கூடாதா?

கேள்வி கேட்டவர்:
நன்றி. டாக்டரைப் பார்த்தாயிற்று, சர்க்கரை 310. நேற்று ஜெபத்துக்குப் பின் சேர்ந்து வாசித்தோம். துரோப்பீமு வசனத்தில் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி எடுத்துட்டு வா" என்றார்கள்.