செகண்ட் ஹாண்ட் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் வாங்கியாச்சு. மீதி 80,000 ரூபாய்க்கு எதை வாங்குவது?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் என்ற மீடியம் ஃபார்மட் (பெரிய சென்சார்) கேமராவின் பாடியும் 35-70 லென்ஸும் செகண்ட் ஹாண்டில் நல்ல நிலையில் கிடைத்தன. கூட வந்தது ஒரே ஒரு பேட்டரி, ஒரு ஸ்ட்ராப், அவ்வளவுதான். இதுவரை சின்ன சென்சார் கேமராதான் வைத்திருந்தேன். அதற்கு வாங்கிய அலுமினிய ட்ரைபாட் இருக்கிறது, லேசாக ஆடும்.

நான் எடுப்பது இரண்டே விஷயம். தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் கோயில் சிற்பங்கள். லீவு கிடைத்தால் வால்பாறை, மேகமலைப் பக்கம் நிலக்காட்சி. ஃபிளாஷ் தொடுவதே இல்லை. எண்பதாயிரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கார்பன் ட்ரைபாட், எல்-பிராக்கெட் (கேமராவைச் செங்குத்தாகவும் மாட்ட உதவும் எல் வடிவத் தகடு), ஃபில்டர் செட், பழைய லென்ஸுக்கு அடாப்டர், டிரை கேபினட் (ஈரம் புகாத அலமாரி) என்று லிஸ்ட் போட்டால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. எதை முதலில் வாங்கலாம், எது வேண்டவே வேண்டாம்?

மலைக்காட்டான்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ட்ரைபாட், அதற்கு ஒரு உருப்படியான ஹெட் (கேமராவைப் பிடிக்கும் தலைப்பகுதி). பாதிப் பணத்துக்கு மேல் அங்கேயே போகட்டும். 102 மெகாபிக்சல் கேமராவை ஆடுகிற காலில் நிறுத்தினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விவரம் எல்லாம் காற்றோடு போச்சு.

வாங்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். எடை தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. நடுத்தண்டை உயர்த்தாமலேயே கண் மட்டத்துக்கு வர வேண்டும். நடுத்தண்டே இல்லாத மாடல் இன்னும் நல்லது. மலிவான பால்-ஹெட்டில் ஃபிரேம் பார்த்து, இறுக்கி, கையை எடுத்தால் கேமரா ஒரு நூல் கீழே இறங்கும். அடுத்த முறை அந்த ஒரு நூலைக் கணக்குப் போட்டு மேலே தூக்கி இறுக்குவோம், அப்போது இறங்காது. இந்த அவஸ்தை வேண்டாம்.

கருங்கல்:

அண்ணா சொல்வது மலைக்குச் சரி. ஆனால் தம்பி முதலில் எழுதியிருப்பது கோயில். அவர் சொன்ன மூன்று கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பவை. முன்அனுமதி இல்லாமல் ட்ரைபாட் விரித்தால் காலை நீட்டி முடிப்பதற்குள் காவலாளி வந்து நிற்பார். ஐம்பதாயிரம் ரூபாய்க் கார்பன் காலை கார் டிக்கியில் பூட்டி வைத்துவிட்டுப் போய்ப் படம் எடுக்கவா?

அந்த கேமராவுக்குள்ளேயே கைநடுக்கத்துக்கு ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தில் இரு மடங்கு) வரை ஈடுகொடுக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு, நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் 1/15 நொடியில் ஒன்றாவது கல்லின் உளித்தடம் தெரியும்படி வரும். மண்டப விதானத்துக்கு இன்னும் சுலபம்: ஒரு துணிப் பையில் பாதி அளவுக்கு அரிசியோ பயறோ போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். தரையில் வைத்து, கேமராவை மல்லாக்கப் படுக்கவைத்து, 2 நொடி டைமர். வயரும் வேண்டாம், ரிமோட்டும் வேண்டாம். மொத்தச் செலவு நூறு ரூபாய்.

மலைக்காட்டான்:

அனுமதி கேட்டால் கிடைக்கும், கருங்கல். கடிதம் எழுதச் சோம்பல்பட்டு அரிசிப் பையைச் சிபாரிசு செய்யாதீர்கள். நாலில் ஒன்று கூர்மையாக வரும் என்பது வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்குப் போதும். இந்தக் கேமராவின் படம் 11648 x 8736 பிக்சல். 300 டிபிஐயில் அச்சடித்தாலே ஏறக்குறைய 39 அங்குலத்துக்கு 29 அங்குலம் வரும். அந்த அளவில் சுவரில் மாட்டினால் கைநடுக்கம் கதவருகிலிருந்தே தெரியும்.

கருங்கல்:

மீடியம் ஃபார்மட் என்றாலே தூண் மாதிரி ட்ரைபாட் வேண்டும் என்பது ஃபிலிம் காலத்துப் பயம். அப்போது கேமராவுக்குள் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி மேலே அடித்துக்கொண்டு எழும்பும், கேமராவே குலுங்கும். இதில் கண்ணாடியே கிடையாது. எலெக்ட்ரானிக் முன்திரை ஷட்டர் (முதல் திரை அசையாமல் சென்சாரே பதிவைத் தொடங்குவது) போட்டால் குலுக்கல் இன்னும் குறைவு. பிக்சலின் அளவு 3.76 மைக்ரான். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) கேமராவிலும் அதே 3.76தான். அதை ஊரெல்லாம் கையில் பிடித்துத்தானே எடுக்கிறார்கள்?

ஒளிநிழல்:

ஒரு சின்னத் திருத்தம். பிக்சல் ஒன்றுதான், ஆனால் அதே காட்சியை இந்தச் சென்சாரில் அடக்க ஃபோகல் லெங்த் சுமார் 1.27 மடங்கு வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 28 போட்டு எடுப்பதை இதில் 35 போட்டு எடுக்கிறோம். அந்த அளவுக்கு நடுக்கமும் பெரிதாகும். கால் ஸ்டாப், அரை ஸ்டாப் விவகாரம்தான், இதற்காக இருவரும் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று, முழு எலெக்ட்ரானிக் ஷட்டர் சத்தமே இல்லை என்று கோயிலுக்குள் ஆசைப்படாதீர்கள். சென்சாரைப் படித்து முடிக்க அதற்கு நேரம் எடுக்கும். எல்இடி விளக்கு இருக்கும் இடத்தில் படம் முழுக்க வரி வரியாக விழும்.

ஸ்டுடியோவாலா:

எல்லாரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். படம் எடுத்த பிறகு அதை எங்கே போடுவார்? 102 மெகாபிக்சலை 16 பிட்டில் சுருக்காமல் சேமித்தால் ஒரு ரா (பதப்படுத்தாத) ஃபைலே 200 எம்பிக்கு மேல். 64 ஜிபி கார்டில் முந்நூறு படம் நிறைந்தால் பெரிய விஷயம். பிக்சல் ஷிஃப்ட் (சென்சாரை நூலிழை நகர்த்திப் பல ஃபிரேம் எடுத்துச் சேர்ப்பது) ஆசை வந்தால் ஒரு படத்துக்கு 16 ஃபிரேம், அதாவது 3 ஜிபிக்கு மேல். பழைய லேப்டாப்பில் அதைத் திறந்துவிட்டு டீ குடித்து வரலாம்.

இரண்டு ஸ்லாட்டும் எஸ்டிதான். வி90 என்று வேகக் குறியீடு போட்ட யூஎச்எஸ்-2 வகைக் கார்டு இரண்டு, இரண்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி பேக்கப் முறை, வீட்டில் இரண்டு டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில். இதற்கே இருபத்தைந்தாயிரம் எடுத்து வையுங்கள். மிச்சத்தில் ட்ரைபாட் வந்தால் வரட்டும்.

கருங்கல்:

கார்டுக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன், வி90 மட்டும் எதற்கு? அசையாத சிலையை நொடிக்கு ஐந்து படம் எடுக்கப் போகிறாரா? வி60 போதும். அப்புறம் 14 பிட்டில், தரம் குறையாத சுருக்கத்தில் வைத்தால் ஃபைல் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். கேமரா மெனுவில் இலவசமாகக் கிடைப்பதைக் கடையில் காசு கொடுத்து ஏன் ஈடுகட்ட வேண்டும்?

பழைய_கண்ணாடி:

நான் வேறு கட்சி. 35-70 சின்ன லென்ஸ், கூர்மையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எஃப்/4.5ல் தொடங்கி 5.6ல் முடிகிறது (எண் சிறியதானால்தான் வெளிச்சம் கூடும்). கர்ப்பக்கிருக வாசல் இருட்டில் என்ன செய்வார்? மாமியா 645 ஃபிலிம் கேமரா காலத்து 80 மி.மீ. எஃப்/1.9 ஒன்றைத் தேடிப் பிடித்து, நடுவில் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய் அடாப்டர் போட்டால் போதும். அந்த லென்ஸ் 645 ஃபிலிம் கட்டத்துக்குச் செய்தது, இந்தச் சென்சாரை மூலைவரை மூடும். ஃபுல் ஃபிரேம் லென்ஸ்தான் தகராறு: அவை 43 மி.மீ. மூலைவிட்டத்துக்குச் செய்தவை, இங்கே மூலைவிட்டம் 55 மி.மீ. பலவற்றில் மூலை இருட்டும். கேனானின் டில்ட்-ஷிஃப்ட் (சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற) லென்ஸ்கள் விதிவிலக்கு. அவற்றின் ஒளிவட்டம் பெரியது, கோபுரம் எடுப்பவர்களுக்கு வரப்பிரசாதம்.

மலைக்காட்டான்:

எஃப்/1.9ல் சிற்பத்தின் மூக்கு கூர்மையாக இருக்கும், காது இருக்காது. சிற்பத்துக்கு எஃப்/8, எஃப்/11 வேண்டும் ஐயா. எஃப்/16க்குப் போனால் டிஃப்ராக்ஷனில் (சின்னத் துளையில் ஒளி விரிந்து பரவுவதில்) பிக்சல் மசமசப்பாகும். அதனால்தான் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல ஃபிரேம் எடுக்கும் வசதியைக் கேமராவிலேயே வைத்திருக்கிறான். அதற்கு எது தேவை? திரும்பவும் ட்ரைபாட்தான்!

ஒளிநிழல்:

அடாப்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. மலிவான குழாய்களில் இரு முகமும் இணையாக இருப்பதில்லை. இடது பக்கக் கல் கூர்மை, வலது பக்கம் மசமச என்று வரும், நாம் லென்ஸைத் திட்டிக்கொண்டிருப்போம். உள்பக்கம் பளபளப்பாக இருந்தால் வெயிலில் படமே வெளுத்துப்போகும். நம் ஊர் ஈரப்பதத்தில் நாற்பது வருஷம் கிடந்த லென்ஸில் பூஞ்சை இல்லாமல் இருந்தால் அதிசயம். வாங்குமுன் அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஃபில்டர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. யூவி, என்டி (வெளிச்சத்தைக் குறைப்பது), போலரைசர் மூன்றும் சேர்ந்த செட் ஒன்று ஆஃபரில் இருக்கிறது.

கருங்கல்:

செட் வேண்டாம். போலரைசர் ஒன்று மட்டும், நல்லதாக. அபிஷேக எண்ணெய் காலம் காலமாகப் படிந்த கருங்கல் சிலையைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் தோள், முட்டி, மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாக மின்னும், செதுக்கலே தெரியாது. போலரைசரை மெல்லத் திருப்பினால் ஒரு இடத்தில் அந்த மினுக்கல் பெரும்பாலும் அடங்கி, இடைக்கச்சையின் மடிப்பு வரை வெளியே வரும். எந்த மென்பொருளாலும் இதைப் பிறகு செய்ய முடியாது, வெளுத்துப்போன இடத்தில் விவரமே பதிந்திருக்காதே. செப்புத் திருமேனியில் இதை எதிர்பார்க்காதீர்கள். உலோகத்தின் மினுக்கலுக்கு விளக்கு முன்னாலும் போலரைசிங் தாள் கட்ட வேண்டும். அது மியூசியக்காரர்கள் சமாச்சாரம்.

மலைக்காட்டான்:

போலரைசர் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னுமே? இருட்டு மண்டபத்தில், கையில் பிடித்துக்கொண்டு, அதையும் போட்டு எடுக்கப் போகிறாரா? உங்கள் கட்சியை நீங்களே உடைக்கிறீர்கள்.

கருங்கல்:

வெளிப் பிரகாரத்துக்குச் சொன்னேன், அண்ணா. கோஷ்டத்து (வெளிச்சுவர் மாடத்து) சிலைகள் வெளியில்தானே இருக்கின்றன! உள்ளே போனால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

பழைய_கண்ணாடி:

எந்த அளவில் வாங்குவது? 35-70க்கு 62 மி.மீ. நாளைக்கு 23 மி.மீ. லென்ஸ் வாங்கினால் 82. இப்போதே 82 வாங்கி ஸ்டெப்-அப் வளையம் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவுவது) போட்டுவிடுங்கள்.

ஒளிநிழல்:

வளையம் போட்டால் லென்ஸ் ஹுட் மாட்ட முடியாது. நம் வெயிலுக்கு ஹுட் இல்லாமல் போவது சரியல்ல. வாங்காத லென்ஸுக்கு இப்போதே ஏன் காசு? 62 போதும். நிலக்காட்சிக்கு அகலமான கோணத்தில் போலரைசர் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகத் திட்டு விழும், அதையும் நினைவில் வையுங்கள். யூவி டிஜிட்டலுக்குத் தேவையில்லை. கடற்கரை உப்புக்காற்றில் கண்ணாடிக்குக் கவசமாக வேண்டுமானால் போடலாம்.

ஸ்டுடியோவாலா:

பேட்டரி? ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிறாரே. என்பி-டபிள்யூ235 முழுச் சார்ஜில் சுமார் 460 படம் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. திரையைப் பார்த்துப் பார்த்து எடுப்பவருக்கு அதுவும் வராது. இன்னொன்று கட்டாயம். கம்பெனிப் பேட்டரியே வாங்குங்கள்.

கருங்கல்:

அந்த விலைக்கு வெளிக்கம்பெனிப் பேட்டரி இரண்டு வரும். இந்தக் கேமரா யூஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஆகும், பிடி (பவர் டெலிவரி) வசதி உள்ள பவர் பேங்கிலிருந்து நேரடியாக ஓடவும் செய்யும். ஒரிஜினல் ஒன்று, நல்ல பவர் பேங்க் ஒன்று. பவர் பேங்க் ஃபோனுக்கும் ஆகும்.

காவிரிக்கரை:

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரிஜினல் பேட்டரி ஒன்று, வி60 கார்டு இரண்டு, எஸ்எஸ்டி இரண்டு, 62 மி.மீ. போலரைசர், எல்-பிராக்கெட். டிரை கேபினட்டுக்குப் பதில் இப்போதைக்குக் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி. அரிசிப் பைக்கு அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அடாப்டர் இப்போது இல்லை. மீதிப் பணம் ட்ரைபாடுக்கு முழுதாகப் போதாது. ஹெட் மட்டும் நல்லதாக வாங்கிப் பழைய காலிலேயே மாட்டலாமா?

மலைக்காட்டான்:

ஆடுகிற காலில் நல்ல ஹெட் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த வருஷம் கால் வாங்கும்போது ஹெட் கையில் இருக்குமே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அதுவரை நடுத்தண்டை முழுக்கக் கீழே இறக்கி, மெலிந்த கடைசிக் கணுவை நீட்டாமல், குட்டையாக நிறுத்துங்கள். காற்றடித்தால் பையைக் கொக்கியில் தொங்கவிடும்போது பை தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் அது ஆடிக் கேமராவையும் ஆட்டும். ட்ரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசரை அணைக்கவும். எல்-பிராக்கெட் நல்ல முடிவு. செங்குத்துப் படத்துக்கு ஹெட்டைப் பக்கவாட்டில் கவிழ்க்க வேண்டாம், எடை காலின் நடுவிலேயே நிற்கும்.

கருங்கல்:

டப்பாவில் ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவைத் தோல் உறையோடு உள்ளே வைக்காதீர்கள், தோல்தான் பூஞ்சைக்குச் சாப்பாடு.

காவிரிக்கரை:

சரி அண்ணா. கடைசியாக ஒன்று: சென்சாரில் இரண்டு புள்ளி தெரிகிறது. என்னிடம் ஃபுல் ஃபிரேம் ஸ்வாப் (சென்சார் துடைக்கும் குச்சி) பாக்கெட் ஒன்று சும்மா கிடக்கிறது, அது ஆகுமா?

ஒளிநிழல்:

வேண்டாம். அது 24 மி.மீ. அகலம், உங்கள் சென்சார் 33 மி.மீ. உயரம். ஒரே இழுப்பில் முடியாது, இரண்டு முறை இழுத்தால் சேருமிடத்தில் கோடு விழும். முதலில் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதிப் பாருங்கள், பாதித் தூசி அதிலேயே போய்விடும். போகாவிட்டால் 44x33 சென்சாருக்கென்றே மீடியம் ஃபார்மட் ஸ்வாப் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். எஃப்/11ல் வெற்று வானத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியும். படத்தில் மேலே தெரிவது சென்சாரில் கீழே இருக்கும்.